குளத்துச் செடியை வாரினால் குளத்து உயிர்களுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் குளத்தில் செடி வாரிக்கொண்டிருக்கும்போது, கரையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. "எதுக்குங்க கையால எடுக்கறீங்க, ஒரு ஜேசிபி விட்டா அரைநாள் வேலை" என்பதில் தொடங்கி, "பாவம், அந்தப் பறவையெல்லாம் எங்க போகும்" என்பது வரை வரும். கையில் சேறும் காலில் அட்டையுமாக நின்றுகொண்டு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டுக் குளங்களை இன்று அதிகம் மூடிக்கிடப்பது வெங்காயத் தாமரை என்பதால் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

ஆகாயத்தாமரை, வெங்காயத் தாமரை: இரண்டும் ஒன்றா?

பேச்சிலும் செய்தித்தாளிலும் ஒன்றாகிவிட்டது. சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்றால் வேறு செடி. சின்ன முட்டைக்கோஸை மிதக்கவிட்டது போல, வெல்வெட் மாதிரி இலையோடு இருக்கும். பூ இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஊதாப் பூவும், வெங்காயம் போல உப்பிய இலைக்காம்பும் இருந்தால் அது வெங்காயத் தாமரை. காம்பைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே பஞ்சு. அந்தப் பஞ்சில் இருக்கிற காற்றுதான் அதை மிதக்க வைக்கிறது.

ஊர் தென்னமெரிக்கா, அமேசான் படுகை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூவின் அழகுக்காக வங்காளத்துக்கு வந்தது. வந்த வேகத்தைப் பாருங்கள்: இலங்கையில் 1909இலேயே இதை ஒழிக்கத் தனிச் சட்டம் போட்டார்கள், வங்காளத்தில் 1936இல் போட்டார்கள். சட்டம் போட்ட இரண்டு இடத்திலும் செடி இன்னும் இருக்கிறது.

தண்ணீரின் மேல் சும்மா மிதக்கிற செடி. அதனால் மீனுக்கும் பறவைக்கும் என்ன கெடுதல்?

மேலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல். கெடுதல் முழுக்க அடியில் நடக்கிறது.

வெங்காயத் தாமரை நெருக்கமாக மூடிய இடத்தில் கையை விட்டு அடித்தண்ணீரை அள்ளினால் கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வரும். வெயில் உள்ளே இறங்குவதில்லை. வேலம்பாசி மாதிரி தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து பகலில் ஆக்சிஜன் விடுகிற செடிகள் இருட்டில் செத்துவிடும். காற்று தண்ணீரைத் தொட்டு அலையடிக்க முடியாததால் மேலிருந்தும் ஆக்சிஜன் கலக்காது. இதற்கு நடுவே பழைய இலையும் வேரும் உதிர்ந்து அடியில் அழுகி, இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் தின்றுவிடும். வரவு நின்று செலவு மட்டும் ஓடுகிற வீடு மாதிரி.

அந்த நிலையில் யார் தாக்குப்பிடிப்பார்கள்? மேலே வந்து காற்றை விழுங்கத் தெரிந்த விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை. கட்லா, ரோகு, சல்லிக் கெண்டை போன்றவை தாங்காது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை 1990களில் இதே செடி மூடியபோதும் இதுதான் நடந்தது: காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த நுரையீரல் மீனும் கெளுத்தி வகைகளும் கரையோரங்களில் கூடின, மற்றவை விலகின. "எங்க குளத்துல விரால் நல்லாத்தான் இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். விரால் மட்டும் நன்றாக இருப்பதே ஓர் அறிகுறிதான்.

பறவைகளுக்கு வேறு சிக்கல். மீன்கொத்திக்குக் கீழே தண்ணீர் தெரிய வேண்டும். நீர்க்காகம் முங்க வேண்டும். முக்குளிப்பானும் நாமக்கோழியும் தண்ணீரின் மேல் கொஞ்ச தூரம் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். ஓட இடமில்லாத குளத்தில் அவை இறங்கவே இறங்காது.

வளரும் வேகத்துக்கு ஒரு காகிதக் கணக்கு. சத்துள்ள தண்ணீரில் ஒன்றிரண்டு வாரத்தில் இந்தச் செடி இரட்டிக்கும். இரண்டு வாரம் என்றே வைத்துக்கொள்வோம். இன்று 1 சென்ட் பரப்பில் இருப்பது 20 வாரத்தில் 1,024 சென்ட், அதாவது 10 ஏக்கருக்கு மேல். நிஜத்தில் இடமும் சத்தும் குறையக் குறைய வேகமும் குறையும். இருந்தாலும், ஓரத்தில் கிடந்த பத்துச் செடியை நாம் ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதில் தெரிந்துவிடும்.

அப்படியானால் ஒரே மூச்சில் மொத்தத்தையும் வாரிவிட வேண்டியதுதானே?

நானும் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்.

யாரோ சொன்னார்களே என்று ஒரே ஒரு செடியைப் பிடுங்கி, பாதித் தண்ணீர் நிரப்பிய டப்பில் வேரை அலசினேன். வேர் என்றால் கோழி இறகு மாதிரி, கருநீலத்தில், ஒரு முழத்துக்குத் தொங்கும். முதலில் வெறும் சேறுதான் தெரிந்தது. இரண்டு நிமிஷம் கழித்துச் சேறு நடக்க ஆரம்பித்தது. கண்ணாடி போலச் சின்ன இறால்கள். சுண்டுவிரல் நகம் அளவு நத்தைகள். தட்டானாக மாறப்போகிற குஞ்சுகள், பழுப்பு நிறத்தில், அசையாமல் பதுங்கி. வாலில் மூன்று இலை வைத்த ஊசித்தட்டான் குஞ்சு. முதுகு முழுக்க முட்டைகளை அரிசி அடுக்கியது போல ஒட்டவைத்துக்கொண்டு ஒரு தட்டையான நீர்ப்பூச்சி. அது ஆண், பெண் வந்து முதுகில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், பொரிகிறவரை இவன்தான் சுமக்க வேண்டும். ஓரத்தில் ஒரு குறவைக் குஞ்சு. முப்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

இவ்வளவும் ஒரு செடியின் வேரில். நெருக்கமான மூட்டத்துக்கு நட்டநடுவில் இவ்வளவு இருக்காது, ஆக்சிஜன் இல்லை. ஆனால் தண்ணீரும் செடியும் சந்திக்கிற விளிம்பில் எக்கச்சக்கம். பல வருஷம் மூடிக்கிடந்த குளத்தில் வேறு செடியே மிச்சமில்லை என்றால், இந்த விளிம்பு ஒன்றுதான் குஞ்சு மீனுக்கு ஒளிய இடம். மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்தால் குளம் சுத்தமாகிவிடும், உள்ளே இருந்தவை லாரியில் ஏறிப் போய்விடும்.

ஜேசிபி வேலை செய்யும் இடத்தில் மடையானும் கொக்கும் நூற்றுக்கணக்கில் கூடும். படம் எடுத்துப் போட்டு, "குளம் சுத்தமானது, பறவைகள் திரும்பின" என்று எழுதுவார்கள். அது இரண்டு நாள் விருந்து. ஒளிய இடமில்லாமல் வெளியே வந்ததைப் பொறுக்கித் தின்னத்தான் கூட்டம். அடுத்த வாரம் போய்ப் பாருங்கள்.

நாங்கள் செய்வது இதுதான். முதலில் நடுவில் தண்ணீரைத் திறப்போம். மதகு, கலங்கல், வரத்து வாய்க்கால் வாய் இவற்றைக் கட்டாயம் திறப்போம். ஒரு மூலையில் மூன்றில் ஒரு பங்கு போல விட்டு, மூங்கிலும் கயிறும் கட்டி அது பரவாமல் அடைப்போம். சில மாதம் கழித்து அல்லி, வேலம்பாசி எல்லாம் திறந்த பகுதியில் தலைகாட்டிய பிறகு அந்த மூலையையும் எடுப்போம். வெங்காயத் தாமரையைக் கடைசியில் முழுக்க எடுக்கத்தான் வேண்டும். வேலை எதுவும் ஒரே நாளில் வேண்டாம், அவ்வளவுதான்.

அந்தச் செடிமேல்தானே இலைக்கோழி நடக்கிறது, தாழைக்கோழி கூடு கட்டுகிறது? எடுத்தால் அவை போய்விடாதா?

உண்மைதான், நடக்கின்றன, கட்டுகின்றன. நீளவால் இலைக்கோழிக்கு விரல்கள் அவ்வளவு நீளம், எந்த மிதக்கும் இலைமேலும் போகும். ஆனால் இந்தச் செடி நம் ஊருக்கு வருவதற்கு முன்பும் இலைக்கோழி இருந்தது. கொட்டியும் ஆம்பலும் தாமரையும் இருக்கிற குளம்தான் அதன் பழைய வீடு. வெங்காயத் தாமரை, வீடு போன பிறகு கிடைத்த கொட்டகை.

இலைக்கோழி பெரும்பாலும் 4 முட்டை இடும். அடைகாப்பது ஆண்தான், பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். ஏறத்தாழ 26 நாள் அடை. கூடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது, நாலு தண்டை மடக்கிப் போட்ட மாதிரி, முட்டையும் பச்சை கலந்த வெண்கலப் பழுப்பு. கரையிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு பறவை உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே அதே இடத்தைச் சுற்றினால் அங்கே கூடு இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அடி விட்டு, ஒரு மாதம் கழித்து வாருங்கள்.

"கூட்டோடு தள்ளிக் கரையோரம் வைத்துவிடலாமே?" வேண்டாம். தண்ணீர் ஏறினால் ஆண் இலைக்கோழி முட்டையைத் தானே நகர்த்திக்கொள்ளும். நாம் கரையோரம் வைத்தால் நாய்க்கும் கீரிக்கும் பரிமாறியது போல ஆகும்.

வாரி முடித்த சில நாளில் மீன் செத்து மிதக்கிறது. செடியை எடுத்தால் ஆக்சிஜன் கூட வேண்டாமா?

கூடும், உடனே கூடாது. காரணம் மூன்று. இயந்திரம் அடிச்சேற்றைக் கிளறிவிடுகிறது. அந்தக் கறுப்புச் சேறு மேலே வந்ததும் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். நசுங்கிய செடித் துண்டுகளை வாராமல் விட்டால் அவை அழுகும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: இத்தனை நாள் செடி உறிஞ்சிக்கொண்டிருந்த சத்து முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது, மேலே திடீரென்று வெயில். பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் பட்டாணிக் குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். அது நுண்பாசி. பகலில் ஆக்சிஜன் தரும், இரவு முழுக்க அதுவே தின்னும். விடியற்காலையில் கணக்கு அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

அதனால் மீனின் உடல்நிலையைப் பார்க்க விடிவதற்குச் சற்று முன்பு போங்கள். கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஆபத்து. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் போனால் பெரும்பாலான கெண்டை வகைகள் நீண்ட நேரம் தாங்காது. அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். ஆயில் என்ஜின் மோட்டார் இருந்தால் குளத்துத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து குளத்திலேயே கொட்டவிடுங்கள். பெரிய குளத்துக்கு இது போதாதுதான். ஆனால் அந்த ஒரு மூலையில் மீன் வந்து கூடிப் பிழைத்துக்கொள்ளும்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

வடகிழக்குப் பருவமழையை நம்பிய குளங்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். தை, மாசியில் வலசைப் பறவைகள் இருக்கும். அதோடு உள்ளூர்ப் பறவைகள் பலவும் தண்ணீர் நிறைந்த காலத்தில்தான் குஞ்சு பொரிக்கும். பங்குனிக்குப் பிறகு தண்ணீர் வற்ற வற்றச் செடியெல்லாம் பள்ளத்தில் வந்து ஒதுங்கும். அப்போது பரப்பும் குறைவு, எடுப்பதும் சுலபம்.

ஆனால் அதில் ஒரு வில்லங்கம். வற்றிய குளத்தின் ஈரச் சேற்றுக்குள் பாலாமை புதைந்து கோடையைக் கழிக்கும். விராலும் பனையேறிக் கெண்டையும்கூடச் சேற்றில் பதுங்கிக் கிடக்கும். செடி வாரப் போன இயந்திரத்தை, வந்ததே வந்தது என்று அப்படியே தூர்வாரவும் விடுவார்கள். பக்கெட்டில் ஓடு உடைந்த ஆமை வருவது அப்போதுதான். பாலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குத் தருகிற அதே பாதுகாப்பு. கையில் கிடைத்தால் அதே குளத்தில், வேலை நடக்காத பக்கம் விட்டுவிடுங்கள்; பிள்ளைகள் கேட்டார்கள் என்று வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு போகாதீர்கள்.

கையால் எடுப்பதா, இயந்திரமா?

அடர்ந்த இடத்தில் ஒரு ஹெக்டேரில் 400 டன் வரை இந்தச் செடி இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். இருபது பேர் சேர்ந்து பத்து ஏக்கரைக் கையால் எடுப்போம் என்பது உற்சாகம் மட்டுமே. மூடிக்கிடக்கும் குளத்துக்கு முதல் தடவை மிதக்கும் பொக்லைனோ, கரையிலிருந்து ஹிட்டாச்சியோ தேவைப்படும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் திரும்ப முளைப்பதை எடுக்கக் கை போதும், கை மட்டும்தான் சரி.

ஓட்டுநரிடம் முன்பே சொல்ல வேண்டியது ஒன்றே: "அண்ணே, மேல மிதக்கறத மட்டும் எடுங்க, பக்கெட்ட அடியில விடாதீங்க." பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். மணிக்கணக்கில் வாடகை என்றால் நிதானமாகச் செய்வார்கள், ஒப்பந்தமாகப் பேசிவிட்டால் அவசரம். இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டோம்.

எதையெல்லாம் எடுக்கக் கூடாது?

பணம் செலவாகிற குளங்களில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். "செடி" என்று ஒரே பெயர் வைத்து எல்லாவற்றையும் வழித்துவிடுகிறார்கள்.

அல்லி, தாமரை, கொட்டி, நெய்தல், ஆரை, வள்ளை, வேலம்பாசி, கோரை: இவை குளத்தின் சொந்தக்காரர்கள். இவற்றிலும் ஏதாவது ஒன்று மிஞ்சிப்போகும். வேலம்பாசி நெருங்கிப் படகே போகாது. தாமரைகூடக் குத்தகைக்கு விட்ட குளத்தில் மூலைக்கு மூலை பரவிவிடும். அப்போதும் கீற்றுக் கீற்றாக வழி வெட்டுங்கள், பாதியாவது விடுங்கள். வெட்டிய வழிக்கும் விட்ட செடிக்கும் நடுவே வருகிற விளிம்பு நீளமாக இருந்தால் மீனும் தட்டானும் கூடும். நேராக ஒரே சதுரமாக வெட்டுவதைவிட வளைந்து வளைந்து வெட்டினால் அதே உழைப்பில் விளிம்பு அதிகம் கிடைக்கும்.

சம்பு பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நீலத் தாழைக்கோழிக்கும் குருகுகளுக்கும் அது அரண். சாக்கடை வந்து சேரும் வாயில் நின்று கொஞ்சம் வடிகட்டவும் செய்யும். ஆனால் விட்டால் சேறு சேர்த்துக் குளத்தைத் தரையாக்கிக்கொண்டே வரும். என் கட்சி: வரத்து வாயில் விடு, மற்ற இடத்தில் வருஷம் ஒரு பக்கமாக அறு. கரையில் ஊதா குழல் பூவோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கு அந்தச் சலுகை இல்லை. அதை வேரோடு எடுக்கலாம். அதிலும் கொக்குக் கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

மீன்பாசி குத்தகை எடுத்தவர் எல்லாச் செடியையும் எடுக்கச் சொல்கிறாரே?

அவர் கவலை வலை. செடியில் வலை சிக்கினால் கிழியும், மீனும் தப்பும். அவரைப் பகைத்துக்கொண்டு குளத்தில் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது; வருஷம் முழுக்கக் குளத்தைப் பார்க்கிற ஆள் அவர்தான். எங்கள் ஊரில் பேசி முடித்தது இப்படி: அவர் வலை இழுக்கும் பக்கம் முழுக்கத் திறப்பு, எதிர்க்கரையில் ஐம்பதடி அகலத்துக்குச் செடி. அந்தப் பக்கம்தான் மீன் முட்டையிடுகிறது என்று இரண்டாம் வருஷம் அவரே சொன்னார்.

களைக்கொல்லி அடித்தால் சுலபமாகப் போய்விடாதா?

2,4-டி, கிளைபோசேட் போன்றவற்றை அடித்தால் செடி சாகும். பிரச்சினை அதற்குப் பிறகு. டன் கணக்கில் செத்த செடி மூழ்கி, ஒரே சமயத்தில் அழுகும். மேலே சொன்ன ஆக்சிஜன் கணக்கு மொத்தமாகத் திவாலாகும். செடியில் இருந்த சத்தும் திரும்பக் குளத்துக்கே வரும். மாடு குடிக்கிற, பாசனத்துக்குப் போகிற தண்ணீரில் இது தேவையில்லாத வேலை.

இதைத் தின்னும் வண்டு இருக்கிறதாமே?

இருக்கிறது. இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம், ஏனென்றால் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

செடியின் சொந்த ஊரில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவை கூன்வண்டுகள். அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. வண்டு இலையைச் சுரண்டும். புழு காம்புக்குள் துளைத்துக்கொண்டு போகும். துளையில் தண்ணீர் புகுந்து காம்பு அழுகும். 1980களின் தொடக்கத்தில் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு வகைக் கூன்வண்டுகளை வரவழைத்து, மற்ற பயிர்களைத் தொடுகிறதா என்று சோதித்துவிட்டுக் கர்நாடகக் குளங்களில் விட்டது. சில குளங்களில் இரண்டு மூன்று வருஷத்தில் நல்ல பலன். அதே காலத்தில் கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்கிற சால்வீனியாவுக்கு வேறொரு கூன்வண்டை விட்டார்கள். குட்டநாட்டில் வயலையும் வாய்க்காலையும் அடைத்துக்கிடந்த பாயல் சில வருஷத்தில் சுருங்கிப்போனது. நீர்வாழ் உயிர்களின் பக்கமிருந்து பார்த்தால் இது நல்ல முறை: செடி மெதுவாக மெலிகிறது, குளத்து உயிர்கள் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது, யாரையும் லாரியில் ஏற்ற வேண்டியதில்லை.

வெங்காயத் தாமரையில் அதே அளவு வெற்றி எல்லா இடத்திலும் ஏன் வரவில்லை? சாக்கடைச் சத்தில் செடி வளரும் வேகத்துக்கு வண்டு தின்னும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. இன்னொன்று, வண்டு பெருகி வருகிற நேரத்தில் இயந்திரம் வந்து வண்டோடு சேர்த்து வாரிவிடுகிறது. உங்கள் குளத்துச் செடியின் இலையில் பொட்டுப் பொட்டாக, பச்சை சுரண்டிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டு ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் ஒரு மூலையை விட்டுவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல் கெண்டை விடலாமா?

வெங்காயத் தாமரையை அது விரும்பித் தின்னாது. வேலம்பாசியைத்தான் தின்னும், தின்று தீர்த்தும் விடும். 1959இல் இந்தியாவுக்கு வந்த மீன். அடைத்த பண்ணைக் குட்டையில் சரி, ஊர்க் குளத்தில் வேண்டாம்.

செடியை எடுத்தால் கொசு குறையுமா?

ஒரு வகைக் கொசு குறையும். மான்சோனியா என்ற கொசுவின் புழு மற்றவை போல மேலே வந்து மூச்சு விடாது; இந்த மிதக்கும் செடிகளின் வேரில் ஊசி போலக் குத்தி, வேருக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சிக்கொள்ளும். யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது அது. 1980களில் கேரளத்தின் சேர்த்தலையில் புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதைத்தான் கையில் எடுத்தது. குளத்தில் மீன் வளர்த்தால் வருமானம், மீன் வளர்க்கச் செடியை எடுத்தாக வேண்டும், செடி போனால் கொசு போகும். மக்களுக்குக் கொசுவைவிட மீனில் ஆர்வம் அதிகம் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்.

டெங்கு கொசுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது உங்கள் மொட்டைமாடி டப்பாவில் இருக்கிறது.

மாடு மேய்ந்தால் போதாதா? அந்தக் காலத்தில் யார் வாரினார்கள்?

வெங்காயத் தாமரைக்கு மாடு போதாது. ஆனால் பொதுவாகக் கேட்டால், மாட்டின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தைத் தேசியப் பூங்காவாக்கி, 1982இல் எருமை மேய்ச்சலைத் தடைசெய்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள்; போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் சிலர் இறந்தார்கள். எருமை நின்றதும் நடந்தது யாரும் எதிர்பாராதது: ஒருவகை நீர்ப்புல் பெருகித் திறந்த தண்ணீரை மூடியது, வாத்துகள் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, எருமைதான் அந்தத் தண்ணீரைத் திறந்து வைத்திருந்தது என்று சொன்னது.

இதற்கு நேரெதிர்க் கதை மணிப்பூரின் லோக்தக் ஏரி. அங்கே மிதக்கும் செடிமெத்தைக்குப் பும்டி என்று பெயர். சங்காய் மான் வாழ்வதே அதன்மேல்தான். கோடையில் தண்ணீர் இறங்கும்போது பும்டி தரையைத் தொட்டுச் சத்தெடுத்துக்கொள்ளும். 1983இல் இத்தாய் தடுப்பணை வந்து தண்ணீர் எப்போதும் உயரமாகவே நிற்பதால் அது முடியாமல், மானைத் தாங்க முடியாத அளவுக்கு மெலிகிறது. ஒரே ஏரியில் ஒரு பக்கம் பும்டியை வார வேண்டும், மறுபக்கம் காக்க வேண்டும். ஆக, "செடியை எடுக்கலாமா" என்று என்னிடம் கேட்டால், "எந்தக் குளம், எந்தச் செடி" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

எடுத்த செடியை எங்கே போடுவது?

முதல் நாள் தண்ணீரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, குளத்தைப் பார்த்துச் சரிகிற கரையில் மெல்லிசாகப் பரப்புங்கள். குவியலாக வேண்டாம். நத்தை, இறால், தட்டான் குஞ்சுகளில் ஒரு பகுதி தானே இறங்கிப் போகும், மீன் குஞ்சு துள்ளினால் எடுத்து விடலாம். மறுநாள் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். அங்கேயே விட்டால் அழுகி வடிகிற சாறு சத்தோடு குளத்துக்குத் திரும்பும், ஒரு மழை வந்தால் செடியே திரும்பும். காய்ந்த குவியலில் கண்ணாடி விரியன் தங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மட்க வைத்தால் நல்ல உரம். ஆனால் தொழிற்சாலைக் கழிவு வரும் குளத்துச் செடி உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த உரத்தைக் கீரைக்கும் காய்க்கும் போடாதீர்கள். பூச்செடிக்குப் போடலாம்.

எத்தனை தடவை எடுத்தாலும் திரும்ப வருகிறதே?

இரண்டு கதவு திறந்திருக்கிறது. ஒன்று விதை. சேற்றில் 15, 20 வருஷம் உயிரோடு கிடக்கும். குளம் வற்றி, சேற்றில் வெயில் பட்டு, முதல் மழை பெய்ததும் முளைக்கும். அந்தச் சமயத்தில் கரையோரம் விரல் நீளத்துக்கு நிற்கும் நாற்றுகளைப் பிடுங்கினால் ஒரு ஆள் ஒரு காலையில் ஒரு லாரிச் செடியை மிச்சப்படுத்தலாம்.

இன்னொன்று சாக்கடை. ஊர்க் கழிவுநீர் உள்ளே வருகிறவரை அந்தத் தண்ணீர் செடிக்குப் போட்ட யூரியா. வெங்காயத் தாமரையை வாரினால் ஆகாயத்தாமரை வரும், அதை வாரினால் நுண்பாசி வரும். இதைச் சரிசெய்வது பத்துத் தன்னார்வலர்களால் ஆகிற காரியமில்லை. உள்ளாட்சி நிர்வாகம் குழாயைத் திருப்ப வேண்டும். வாருகிற படத்தோடு அந்தக் குழாயின் படத்தையும் சேர்த்து மனுவில் வையுங்கள்.

நானும் வரலாமா? என்ன கொண்டு வர வேண்டும்?

தாராளமாக. குளத்துக்குப் பொறுப்பான நீர்வளத்துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ அனுமதி வாங்கியிருக்கிறோம். உங்கள் ஊரில் தொடங்கினால் முதலில் அதை வாங்குங்கள். முழங்கால் வரை கம்பூட், ரப்பர் கையுறை. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். நீச்சல் தெரியாதவர்கள் கரை வேலை. அப்புறம் ஒரு வெள்ளை டப். இருக்கிற ஒன்றை எப்போதும் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.